ஃபோர்க் கவருக்குள் கருப்பு கவுனி

என் பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களுக்கும் மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை உண்டு. ஃபோர்க் கவர் என்பார்கள். அது வெடித்து வாய் பிளந்து நாளாகிவிட்டது. கடையில் விட்டால் இரண்டு நாள் வண்டியில்லாமல் திண்டாட வேண்டும். புதுக் கவர் வாங்கிவந்து வாசலிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

எதிர் வீடு அத்தையுடையது. அப்பாவின் தங்கை. ஏழு வாரமாக என்னோடு பேச்சு இல்லை. தார் ரோட்டில் காயப்போட்டிருந்த அவர் நெல்மேல் நான் வண்டியை ஏற்றிவிட்டேனாம். "என் சக்கரம் உங்க நெல்லத் தொடவே இல்ல" என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் அத்தை என் பின்னால் உட்கார்ந்து திருக்காட்டுப்பள்ளி வருவார். போகிற வழியெல்லாம் ஊர்க் கதை காதில் விழுந்துகொண்டே இருக்கும். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறார். நான் கடந்து போனால் வானத்தைப் பார்க்கிறார். தனியாக ஓட்டிப் போக எனக்குப் பிடிக்கவே இல்லை.

என்ஜினுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்து, சக்கரத்தையும் மட்கார்டையும் கழற்றினேன். மனைவி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். இடதுபக்கக் குழாயை ஆட்டி ஆட்டிக் கீழே இழுத்து, பழைய கவரை உருவினேன். மடிப்புகளிலிருந்து மண்ணோடு ஒரு கைப்பிடி நெல் பொலபொலவென்று கொட்டியது.

"யாரு நெல்லுங்க இது?"

"ரோடு பூரா நெல்லுதான். யாரோடதா இருந்தா என்ன?"

அவள் ஒன்றை எடுத்து நகத்தால் உரித்தாள். உள்ளே அரிசி கன்னங்கறுப்பு. எங்கள் தெருவில் இந்தப் போகம் கருப்பு கவுனி போட்டது அத்தை மட்டும்தான். மனைவி சிரித்த சிரிப்பில் ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பெருக்கித் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இவளைத் தவிர யார் பார்த்தது? ஆனால் நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. கிரீஸ் கையோடு நெல்லை அள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"அத்தை, உங்க நெல்லு. என் வண்டிக்குள்ளதான் இருந்துச்சு. தப்பு எம்மேலதான்."

அத்தை ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் காஞ்சிருக்கு" என்றார். ஏழு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு என் தோளுக்கு மேலாக, சக்கரமில்லாமல் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தார். விடுவிடுவென்று உள்ளே போனவர் முறத்தோடு வந்தார்.

"ஒரு பக்கம்தானடா கழட்டியிருக்க? வா, அந்தப் பக்கத்தையும் கழட்டு."

வண்டியடியில் முறத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார். வலதுபக்கக் கவரிலும் இருந்தது. அதைப் புடைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள மாட்டிடுவியா?"