திரும்பிப் போன நெல்வண்டி

ஒருவருடைய வயலில் கூலி உயர்வுக்காகக் கொடி பிடித்து நிற்பவர், அவருடைய மகளுக்காக முழங்காலில் நின்று ஜெபிக்கலாமா? ஓர் அறுவடைக் காலத்தில் இந்தக் கேள்வி எங்கள் தெருவையே இரண்டாக்கியது. அதற்குக் காரணமானவர், சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் அக்கா.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, மழைக்காலத்தில் வரப்பு வழியாக மட்டுமே போய்ச் சேரக்கூடிய சிற்றூரின் காலனியில் அக்கா பிறந்தார். அம்மா இறந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தவர், பள்ளிப் பையை என்னிடம் தந்துவிட்டு நடவுக்குப் போனார். மணமான பிறகும் அவரும் அத்தானும் வயலில் உழைத்தே என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். எங்கள் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் உபதேசியார், "யாருக்காவது விண்ணப்பம் உண்டா?" என்று கேட்பார். எழுந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அக்காவின் காதில் சொல்வார்கள். அக்கா எழுந்து சொல்வார்.

அது ஏழைகளின் ஆட்சி என்று மேடைகள் முழங்கிய காலம். கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. கூலி நெல் அளக்கும் களத்து மரக்கால் மாறவில்லை. அறுத்த நெல்லில் கலத்துக்கு ஒரு படி கூலி கூடுதலாகக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. சம்பா முற்றிச் சாய்ந்தது. அரிவாள்கள் கூரையில் செருகியபடியே இருந்தன. பெண்கள் அணியில் கொடி பிடித்து முன்னால் நின்றவர் அக்காதான்.

அந்த வேளையில் ஒருநாள், அந்த வயல்களுக்குச் சொந்தக்காரரான மிராசுதார் வீட்டு அம்மையார் அக்காவைத் தேடி வாய்க்கால் மதகடிக்குத் தாமே வந்தார். அவருடைய ஒரே மகள் கமலா, தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார்.

"புள்ள, உங்க சாமிகிட்ட நீயும் ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார் அம்மையார்.

"சொல்றேம்மா. தைரியமா இருங்க."

ஞாயிறன்று அக்கா கமலாவின் பெயரைச் சொன்னதும், சங்கச் செயலாளர் அருளப்பன் அண்ணன் எழுந்துவிட்டார். "நம்ம புள்ளைங்க வயிறு காயுது. அவங்க புள்ளைக்கு ஜெபமா?"

"கொடியையும் நான்தானண்ணே புடிக்கிறேன். கர்த்தர் ரெண்டு கை குடுத்திருக்காரே!"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. அருளப்பன் அண்ணன் வெளியேறினார்.

குழந்தை தங்கவில்லை; கமலா பிழைத்தார். அந்த வாரமே, பட்டப்பகலில், இரண்டு மூட்டை நெல்லுடன் பண்ணை வண்டி அக்காவின் வாசலில் வந்து நின்றது. தெரு கூடிவிட்டது.

"ஜெபம் நல்லா வெளைஞ்சிருக்கே!" என்றார் எதிர்வீட்டுக்காரர். பின்னாலிருந்து யாரோ, "கருங்காலி!" என்றார்கள். போராட்டத்தை விற்றவர் என்பதற்கு எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான சொல் இல்லை.

முந்தின நாளிலிருந்து அக்காவின் பிள்ளைகள் வெறும் நீராகாரத்தில் இருந்தார்கள். மூட்டைகளைப் பார்த்தபடி நின்ற மூத்தவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அக்கா வண்டிக்காரரிடம், "மாட்டைத் திருப்புங்கண்ணே" என்றார். வண்டிக்குப் பின்னால் அக்கா நடக்க, அவருக்குப் பின்னால் தெருவே நடந்தது. நானும் போனேன்.

அம்மையார் வாசலுக்கு வந்தார். "காணிக்கை புள்ள. வேண்டிக்கிட்டுச் செலுத்தலன்னா தெய்வக் குத்தமாயிடும்."

"ஜெபத்துக்குக் கூலி கெடையாதும்மா. அறுப்புக்குத்தான் கூலி. இதை அதுல சேத்துக் குடுங்க."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"எங்களுக்காக நீங்களும் வேண்டிக்கிங்க."

"என்னன்னு வேண்டிக்கிறது?"

"கலத்துக்கு ஒரு படி கூடக் கெடைக்கணும்னு."

அம்மையார் திகைத்தார். பிறகு, "எங்க வீட்டு ஐயாவுக்கு எதிரா என்னையே வேண்டிக்கச் சொல்றியா? நல்ல ஆளுடி நீ!" என்று சிரித்துவிட்டார். சிரிப்பு முடியும் முன்பே கண் கலங்கியது. "சரி, வேண்டிக்கிறேன்" என்றார். திரும்பும் வழியில், களத்து மேட்டில் நட்டிருந்த சங்கக் கொடியை அக்காவிடம் எடுத்துக் கொடுத்தவர், கூட்டத்தோடு வந்திருந்த அருளப்பன் அண்ணன்.

பேச்சுவார்த்தையில் மிராசுதார் அந்த ஒரு படிக்கு இணங்கினார். சங்கத்தின் உறுதியும் உதிரத் தொடங்கிய கதிரும்தான் காரணம் என்று நான் வாதிடுவேன். "அதுவுந்தான்" என்பார் அக்கா. ஜெபத்தைப் போராட்டத்துக்கு மாற்றாக அவர் ஒருநாளும் வைத்ததில்லை. போராட்டத்தின் பெயரால் ஒருவருடைய துயரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் இல்லை.

பிறருக்காகவே விண்ணப்பம் சொல்லிவந்த அக்கா, இறுதி நோயில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கூச்சமின்றிக் கேட்டார். அன்று பிழைத்த கமலா அம்மாவும் வந்தார். தாயைப் போலவே, "என்னன்னு வேண்டிக்கணும்க்கா?" என்றார். "வலி கொறையணும்னு வேண்டிக்கிட்டாப் போதும்மா" என்றார் அக்கா.

அந்நாட்களில் இரத்தம் தந்த இளைஞர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த காலனிப் பெண்களுக்கும், கடைசிவரை கைபிடித்து அமர்ந்திருந்த கமலா அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

நெல்வண்டி திரும்பிய அந்த நாளுக்குப் பின், எங்கள் ஆலயத்தில் ஒரு பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டால், அவருக்கு என்ன துன்பம் என்று மட்டும் கேட்கிறோம். அவர் யார் பக்கம் என்று கேட்பதில்லை.