மாமா ரத்தம் மாப்பிள்ளைக்கு ஆகுமா?

முதலில் மலம் கறுத்தது. தார் மாதிரி. முந்தின நாள் தின்ற கேப்பைக் களிதான் காரணம் என்று எனக்கு நானே வைத்தியனாகித் தீர்ப்புச் சொன்னேன். எண்பதுகளில் திண்டிவனத்து மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் எடை போடுகிற வேலை எனக்கு. தலைவலி மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு முழுங்குவது தினப்படி வழக்கம். மூன்றாம் நாள் தராசின் மேலேயே மயங்கி விழுந்தேன். எடை தெரிந்துவிட்டது, நோய் தெரியவில்லை.

உங்களுக்கு அப்படிக் கறுத்தால் களியைத் திட்டாதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் அல்சர் (இரைப்பைப் புண்) என்றார்கள். புண்ணிலிருந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) பாதிக்கும் கீழே போயிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ரத்தம் ஏத்தணும். இல்லன்னா பிழைக்கிறது கஷ்டம்" என்றார் டாக்டரம்மா.

ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷமே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கொடுத்த ரத்தம் திரும்ப ஊறாது, ஆண்மை போய்விடும் என்று நம்பிய காலம். மண்டியில் ஒருவருக்கு ரத்தம் கேட்டபோது, எனக்குக் காமாலை என்று புளுகி நழுவிய வீரன் நான்.

அப்பா இல்லை. அம்மாவுக்கே ரத்தம் போதாது. மிஞ்சியவர் கண்டாச்சிபுரத்து மாமா, அம்மாவின் தம்பி. அவர் மகள் செல்விக்கும் எனக்கும் அடுத்த மாதம், தையில் கல்யாணம். கிராஸ் மேட்சிங் (இருவர் ரத்தமும் சேருமா என்று பார்ப்பது) செய்தார்கள். சேர்ந்தது.

அம்மா அலறினாள். "தம்பி, உன் ரத்தம் ஏறுனா அவன் உனக்குப் புள்ள மொறை ஆயிடுவான்டா! செல்வி தங்கச்சி ஆயிடுவா. பேஜாராயிடும்!"

"நானும் அதத்தான்க்கா யோசிச்சிக்கினு இருக்கேன்" என்றார் மாமா. முறுக்கு மீசைக்கு மேலே அவர் கண் ஊசியைத்தான் பார்த்தது.

செத்தால் மாப்பிள்ளை, பிழைத்தால் அண்ணன். படுத்தபடி இரண்டையும் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமாவோடு வந்திருந்த செல்வி முன்னால் வந்தாள். "ஏன் அத்தை, நீங்களும் எங்கப்பாவும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? அந்த ரத்தம் உங்க புள்ளகிட்ட பொறந்ததுலேர்ந்து ஓடிக்கினுதானே இருக்குது? அப்ப கெடாத மொறை ஒரு பாட்டில்ல கெட்டுடுமா? எழுந்திரிப்பா, ஜல்தி!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஏத்துற சிவப்பணு மிஞ்சிப்போனா நாலு மாசம்தாம்மா இருக்கும். குடுக்கிறவருக்கும் திரும்ப ஊறிடும்."

அம்மா அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "அப்போ தை வேணாம். வைகாசியில வச்சிக்கலாம்."

மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார். பிறகு டீயை உறிஞ்சியபடி, "இவ்ளோதானா?" என்றார். கண்ணாடி பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அவர் எனக்குள் இறங்கினார். இருட்டுவதற்குள் என் கால் விரல்களில் சூடு திரும்பியது.

அந்த நாலு மாதமும் ஒரே சட்டைக்குள் இரண்டு பேராகத் திரிந்தேன். கோபம் வந்தால் மாமாவின் ரத்தம் என்பேன், பசித்தாலும் அப்படியே. வைகாசியில் தாலி கட்டியபோது அவர் என் உடம்பைவிட்டுச் சுத்தமாகப் போய்விட்டார் என்று அம்மா நிம்மதியானாள். எனக்குத்தான் என்னவோ ஆள் குறைந்த மாதிரி இருந்தது.

மாமா காலமாகி வெகுநாளாகிறது. உடம்பு தேறியதும் நானும் கொடுக்க ஆரம்பித்தேன். வயதாகிவிட்டது, போதும் என்று ரத்த வங்கிக்காரர்களே சொல்லும்வரை கொடுத்தேன். கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. எங்கேயோ, யாரோ, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார். இன்னும் ஒரு மாதம் நானும் கூட ஏறுவேன்.