துர்வாசர் குடித்த தண்ணீர்

கம்பெனியில் கூட வேலை செய்யும் கன்னடப் பையனைத்தான் கட்டுவேன் என்கிறாள் பேத்தி. மருமகள் ஓசூரிலிருந்து ஒரு ஜோசியரை அழைத்து வந்தாள்.

"குடும்பத்துல ரிஷி சாபம் இருக்குது. இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று அவர் செம்புத் தண்ணீரைப் பேத்தி மேல் தெளித்தார். நாலு சொட்டு என் மேலும் விழுந்தது.

முன்பு ஒரு முறையும் இப்படிச் சாபத் தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. வேப்பனப்பள்ளிக் கூத்தில் துர்வாசர் சபிப்பதற்காக உள்ளங்கையில் தண்ணீர் எடுத்ததும், முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். சொட்டுப் பட்டாலும் சாபம் ஒட்டிக்கொள்ளுமாம். அம்மா மட்டும் நகரவில்லை. எனக்கு முன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். சாபம் பிடித்தவள் என்று எந்த விசேஷத்துக்கும் அவளை அழைக்க மாட்டார்கள்.

துர்வாசர் வசனத்தை விட்டுவிட்டு, "தள்ளி உக்காரு தாயி" என்றார்.

"நீ ஊத்துய்யா. எம்புள்ளைக்கு என்ன ஆவுதுன்னு நானும் பாக்கறேன்."

மத்தளம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

"முனிவருக்குத் தாகம்டோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஜோசியர் மறுபடி செம்புக்குள் கையை விட்டார்.

"சாமி, எனக்கு எழுபத்தெட்டு வயசாகுது. தை மாசம் இவ கல்யாணம். சாப்பிட வந்துடுங்க" என்றேன்.

பேத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போன் போட்டாள்.