சாமித்தட்டில் இருந்த பறவை

வன்னியில் யுத்தம் இறுகிக்கொண்டிருந்த காலம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடியில் எங்கள் தளத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிக் கிழவி ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்குப் பிறகு தூரிகை பிடித்தவர். ஆரம்பத்தில் கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டி மட்டைகளில் வரைந்து, லிஃப்டில் கண்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். பிறகு ஓவியம் விற்கிற கலரிக்காரர் தேடி வந்து கேட்டபோது மனிசியிடம் பழையது ஒன்றும் இல்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? வீடு வீடாகத் தேடிச் சேர்க்கத் தொடங்கினேன். ஒன்றை ஒரு வீட்டுக் குசினி மேசை லாச்சிக்குள் எண்ணெய் படாமல் விரித்திருந்தார்கள். இன்னொன்றை ஓர் அங்கிள் யன்னல் நீக்கலில் குளிருக்கு அடைத்திருந்தார். கடவுளே!

முதன்முதல் வரைந்தது மட்டும் அகப்படவில்லை. வயிற்றுக்குள் குஞ்சு தெரிகிற பறவையாம். அந்த முதல் கோடு எங்கே தொடங்கியது என்று அவருக்கே மறந்துவிட்டதாம். ஒருதரம் பார்த்தால் போதும் என்றார். அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, முன்பு எங்கள் கட்டடத்தில் இருந்த ஓர் அக்காவைக் கோயிலில் கண்டேன். படம் தன்னிடம்தான் என்றார். அன்றே வெக்ஸ்போர்டில் அவர் வீட்டுக்கு ஓடினேன். பறவை சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில்! நெற்றியில் சந்தனப்பொட்டு வேறு.

"என்னக்கா உது? வரைஞ்ச மனிசி ஒருக்காப் பாக்க ஆசைப்படுறா. உது சாமியில்லை."

"எனக்குத் தெரியாதே? என்ர மகள் வன்னிக்குள்ள மாட்டுப்பட்டு நிக்கிறாள், வயித்தில பிள்ளையோட. உதைக் கும்பிடத் தொடங்கின அண்டைக்குத்தான் அவளின்ர ரெலிபோன் கோல் வந்தது. தரமாட்டன்."

எரிச்சலோடு திரும்பினேன். பொட்டு வைத்ததைக் கேட்டால் கிழவி கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, மகளுக்கு எத்தனையாம் மாதம் என்று விசாரித்தார். படம் அங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. யுத்தம் முடியட்டும், எப்படியும் வாங்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. சில கிழமைகள் கழித்து அக்கா கோல் எடுத்தார்.

"படத்தை வந்து கொண்டு போம் பிள்ளை."

சந்தோஷத்தில் துள்ளினேன். "மகள் முகாமுக்கு வந்திட்டாவோ அக்கா?"

"இல்லையம்மா. ரெண்டு உயிரும் போயிட்டுது."

போனேன். படத்தைப் பேப்பரில் சுற்றிப் பிடித்தபடி அக்கா வாசலிலேயே நின்றார்.

"பிடியும். அந்த மனிசி பாக்க ஆசைப்பட்டவ எண்டெல்லோ சொன்னனீர்."

நானும்தான் எவ்வளவு ஆசைப்பட்டேன். வாங்கக் கை எழவில்லை. அக்காதான் என் கையை இழுத்து, விரித்து, அதை வைத்தார்.