இருளம்மாள் சிரிக்கிறாள்

போர்மேன் தங்கச்சாமியைப் போலவே குரலை மாற்றிக் குருவம்மாள், "யாரும்மா அங்க பேச்சு?" என்றதும், இருளம்மாள் கையிலிருந்த புனலை வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் அழுத்திக்கொள்கிறாள். தோள் அசையவில்லை. உதடு பிரியவில்லை. கண்ணில் மட்டும் நீர் கட்டுகிறது. நீட்டிய கால்களில் விரல்கள் நண்டுக்கால்களைப் போல மடங்கி மடங்கி விரிகின்றன.

"மதினி சிரிக்கா" என்கிறாள் குருவம்மாள். அறையில் இருக்கிற மற்ற இரண்டு பெண்களும் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அதுவும் சத்தமில்லாமல்.

நாரணாபுரத்தைத் தாண்டி, தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு அறைகளில் ஒன்று அது. குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிற இடம். வெடிமருந்து என்று முழுதாக யாரும் சொல்வதில்லை, மருந்துதான். செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு நுழைய வேண்டும். உடம்பிலிருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். உள்ளே எதையும் இழுக்கக் கூடாது, போடக் கூடாது, உதறக் கூடாது. சிரிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் சிரித்தால் தோள் குலுங்கும். தோள் குலுங்கினால் கை எங்காவது உரசும். கல்யாணமாகி வந்த வருஷம் பழகியது. இப்போது டீக்கடை வாசலில் யாராவது வழுக்கி விழுந்தாலும் இருளம்மாள் இப்படித்தான் சிரிக்கிறாள்.

வீட்டில் அவள் நாற்காலியை இழுப்பதில்லை, தூக்கி வைப்பாள். தீப்பெட்டியை இரண்டாள் தூரத்தில் வைத்துக்கொண்டு உரசுவதுபோல உரசுவாள். நகக்கண்களில் அலுமினியத் தூள் வெள்ளிக் கோடாகத் தங்கியிருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. வருஷத்தில் ஒருநாள்தான் பகலில் தூங்குவாள். அது தீபாவளி.

மகன் செழியனுக்கு இந்தச் சிரிப்பு தெரியாது. அம்மா சிரிக்காதவள் என்றே வளர்ந்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் கட்டுகிற வேலை. சனி ஞாயிறில் மதுரைக்குப் போய் ஒரு நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்னலே வேல?"

"விழுகதுதாம்மா வேல. நான் விழுந்தா சனம் சிரிக்கும்."

காலண்டர் சீசன் முடிந்து அச்சகத்தில் ஆளைக் குறைத்தார்கள். அதே வாரம் நாடகக் குழு திங்கட்கிழமை ஊர் ஊராகக் கிளம்புவதாகவும், இவனையும் கூப்பிடுவதாகவும் சேதி வந்தது. இன்னொரு பக்கம் தங்கச்சாமி, மருந்து அறையில் ஓர் ஆள் வேண்டும், பையனை அனுப்பு என்று சொல்லியிருந்தார். "மருந்துக்கு மட்டும் வராதடா" என்றாள் இருளம்மாள். "நீ மட்டும் போற?" என்றான்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "சனிக்கெழம வந்து நாடகத்தப் பாரு. நீ சிரிச்சேன்னா அவங்களோட போயிருதேன். சிரிக்கலன்னா திங்கக்கெழம ஒன் கம்பெனி வேன்ல ஏறிருதேன். பெத்தவளையே சிரிக்க வைக்க முடியாதவன் ஊர எங்கிட்டுச் சிரிக்க வைக்க?"

"நான் சிரிக்கத்தானடா செய்யுதேன்."

"எங்க சிரிச்ச? பொறந்ததுலருந்து பாக்கேன்."

அந்த வாரம் முழுக்க இருளம்மாள் குளிக்கிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சிரித்துப் பழகினாள். "ஹெ" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுபோனது. "என்னக்கா, ஆட்டுக்குச் சீக்கா?" என்று அடுத்த வீட்டு பாண்டிலட்சுமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

சனிக்கிழமை குருவம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் பஸ் மாறி மதுரைக்குப் போனாள். அரங்கின் வாசலில் கதவுக் கைப்பிடி பித்தளையில் இருந்தது. இருளம்மாள் அதில் உள்ளங்கையை வைத்துச் சற்று நின்றாள். செருப்பைச் சுவரோரம் ஜோடி சேர்த்து விட்டாள். குருவம்மாளும் விட்டாள்.

"கோயில் இல்லம்மா, செருப்போட போகலாம்" என்றான் காவலாளி.

"இருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றாள் குருவம்மாள். பின்னால் வந்த ஒரு குடும்பம் இரண்டு ஜோடிச் செருப்புகளையும் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றியது.

பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிய செழியன் ஓடிவந்து, மேடை வெளிச்சம் விழுகிற முன்வரிசை நாற்காலிகளில் இருவரையும் உட்காரவைத்தான்.

"ஏலே, ஒங்கம்மா சிரிக்காளான்னு மொகத்தப் பாக்காத. கால் வெரலப் பாரு" என்றாள் குருவம்மாள்.

"சும்மா இரு அத்த, நீ வேற" என்று ஓடிவிட்டான்.

பெண் பார்க்க வருகிற வீட்டுக்கு அவசரமாகச் சுண்ணாம்பு அடிக்கிற கதை. செழியன் வேலைக்காரன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கூப்பிட்ட பக்கமெல்லாம் திரும்பினான். திரும்பிய பக்கமெல்லாம் ஆள் சாய்ந்தது. வீட்டுக்காரர் தலையில் சுண்ணாம்பு வாளி கவிழ்ந்தது. அவர் கண் தெரியாமல் கையை நீட்ட, செழியன் துணியென்று நினைத்து மாப்பிள்ளையின் வேட்டியை உருவிக் கொடுத்தான். அரங்கு அதிர்ந்தது. குருவம்மாள் முன்னால் சரிந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு சிரித்தாள்.

இருளம்மாளின் கைகள் தொடைக்குப் போயின. கண் நிறைந்து வழிந்தது. முகம் கல்லாக இருந்தது. செழியன் ஒவ்வொரு தடவை விழுந்ததும் அந்த முகத்தைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்தான். அடுத்த தடவை இன்னும் பலமாக விழுந்தான். ஒரு விழுதல் நாடகத்தில் இல்லாதது. வீட்டுக்காரராக நடித்தவர் திடுக்கிட்டு வசனத்தை விட்டதில் தெரிந்தது.

"மதினி, வாயத் திறங்க. பிள்ள இடுப்ப ஒடச்சுக்கிடுவான் போல" என்றாள் குருவம்மாள்.

இருளம்மாள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். "ஹெ" என்று வந்து இருமலாக முடிந்தது. பின்வரிசைப் பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை, கையை எடுக்க முடியவில்லை.

கடைசிக் காட்சியில் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுவந்தான். ஈரச் சுண்ணாம்பில் கால் வைத்தான். டம்ளர்கள் அங்கங்கே பறக்க, வயிற்றிலேயே மேடை முழுக்க வழுக்கிக்கொண்டு வந்து, தலை விளிம்புக்கு வெளியே தொங்கக் கிடந்தான். தட்டு அவன் முதுகில் வந்து விழுந்தது. சனம் எழுந்து நின்று சிரித்தது. செழியன் எழவில்லை. கண் அவள் முகத்துக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டதுபோல மெல்லக் கீழே இறங்கித் தரைக்குப் போனது. தரையில் புதுச் சேலையின் கரைதான் பாதத்தை மூடிக் கிடந்தது.

இருளம்மாள் தொடையில் ஊன்றியிருந்த கைகளை எடுத்தாள். கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்து, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.