யமுனைக் கரையில் அண்ணனைத் தேடி

என் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தபோது எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்கள் வேறு யாரும் கிடையாது. மலைப்பாதை வேலைக்குக் கல் உடைக்கப் போனவன், திருப்பத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டான். ஒரே ஒரு முறை விடுப்பில் வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் சாமைக்கொல்லை வரப்பில் அவன் விறைப்பாக நடந்ததைப் பார்த்து நானும் அம்மாவும் சிரித்தோம். அடுத்த வருடம் சண்டை வந்தது. ஜமுனாமரத்தூர் தபால் ஆபீசிலிருந்து தந்தி கொண்டுவந்தவர், அதைப் படித்துச் சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

உடல் வரவில்லை. எல்லைப் பக்கத்திலேயே காரியம் முடிந்துவிட்டது என்றார்கள். பிறகு ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே அவன் துணிகள், ஒரு கம்பளிச் சட்டை, முகம் மழிக்க வைத்திருந்த சின்னக் கண்ணாடி.

நாங்கள் செத்தவர்களைப் புதைக்கிறவர்கள். எங்கள் கொல்லை ஓரத்தில் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் கல் நட்டிருக்கிறது. பொங்கலன்று அங்கே சோறு வைத்துக் கும்பிடுவோம். அண்ணனுக்கும் ஒரு கல் நட வேண்டும் என்று அம்மா கேட்டாள். ஊர்ப் பெரியவர்கள் ஒப்பவில்லை. அடியில் ஆள் இல்லாமல் கல் நட்டால், அலைகிற உயிரைக் கூப்பிட்டு ஏமாற்றியது போல ஆகும் என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும், எல்லாருக்கும் படைத்து முடித்துவிட்டு, அம்மா ஒரு உருண்டைச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் போயிருக்கும். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருந்தேன். குடியரசு தின விழாவில் ஆடுவதற்கு எங்கள் மலையிலிருந்து ஒரு குழுவை டில்லிக்குக் கூப்பிட்டார்கள். நன்றாக ஆடுவேன் என்று என்னையும் சேர்த்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் அம்மா நடந்தே வந்தாள்.

"டில்லின்னா அவன் போன பக்கந்தான? அவன வெச்ச எடம் எங்கனா கீதான்னு கேட்டுப் பாரு. ஒரு பூ போட்டுட்டு வா."

டில்லி வேறு, எல்லை வேறு என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. ரயில் நின்ற இடங்களில் எல்லாம், பட்டாளத்து உடுப்பில் யார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் அவர் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விழா முடிந்த மறுநாள் எங்களைப் பஸ்ஸில் ஏற்றித் தலைவர்களின் நினைவிடங்களைக் காட்டக் கூட்டிப்போனார்கள். ஆற்றின் பெயர் ஜமுனா என்றதும், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து எங்கள் ஆட்களுக்கு ஒரே சிரிப்பு. நம்ம ஊர்ப் பேரைத் தூக்கிட்டு வந்துட்டாங்களே என்றார் மேளக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கல் தரையின் குளிர் கால் வழியாக நெஞ்சுவரை ஏறியது. பச்சைப் புல், நடுவில் கறுப்புக் கல் மேடை, அதன்மேல் சாமந்தி. வடக்கத்திப் பெண் ஒருத்தி, மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் தரையில் நெற்றியை வைத்து, தன் வீட்டுச் சாவு போல அழுதுகொண்டிருந்தாள். அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை. ஆனால் அவளுக்கு வந்து அழ ஓர் இடம் இருந்தது.

எங்களோடு வேலூரிலிருந்து வந்திருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"ஐயா, இதுக்கு அடியிலதான் அந்தத் தலைவரு கீறாருங்களா?"

"இல்லம்மா. இங்க எரிச்சாங்க. சாம்பல ஆத்துல கரைச்சிட்டாங்க. அடியில ஒண்ணும் இல்ல."

"அப்ப கல்லு இன்னாத்துக்குங்க?"

"ஜனங்க வந்து நிக்க ஒரு எடம் வேணும் இல்லியா?"

அப்போதுதான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் காவலுக்கு நின்ற சிப்பாயிடம் என்னை அழைத்துப்போய் இந்தியில் ஏதோ கேட்டார். எந்தப் படை, எந்த எல்லை என்று சிப்பாய் திருப்பிக் கேட்டாராம். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. சிப்பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டியிருந்த கயிற்றை ஒதுக்கிப் பிடித்தார். நான் உள்ளே போய், அந்தப் பெரிய தலைவரின் கல்மேல் என் அண்ணன் பெயரை மனசுக்குள் சொல்லி, தலையிலிருந்த பூவை எடுத்து வைத்தேன். பஸ்காரர் ஹாரன் அடிக்கும்வரை நகர முடியவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். விழா, யானை, கூட்டம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"அடியில ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அவ்ளோ பெரிய மனுசங்களுக்கே அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனாள். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, மறுநாள் காலையில் அப்பா என் கணவரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய் ஒரு கல்லைத் தூக்கிவந்தார். பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் முணுமுணுத்தார், தடுக்கவில்லை. குழி தோண்டியதும், அடியில் வைக்கலாம் என்று கம்பளிச் சட்டையை எடுத்துவரச் சொன்னார் அப்பா. அம்மா எடுத்துவந்தாள். அதில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். கொடுக்கவில்லை.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். வெறும் குழியில்தான் கல்லை நட்டோம்.

அதன்பின் களை எடுக்கிற நாட்களில் அம்மா அங்கேதான் உட்காருவாள். மழை பெய்யவில்லை, புளி விலை போகவில்லை என்று அவனிடம் குறை சொல்லுவாள். நானும் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்பேன். அவன் முகம் எனக்கு மங்கிக்கொண்டே வந்தது. அவனிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருந்தது: அங்கே குளிர் ரொம்ப இருந்ததா என்று. விடுப்பில் வந்தபோது அதை யாரும் கேட்கவில்லை; அப்போது எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.