பஸ்ஸில் பாதியில் விட்ட செபமாலை

இன்று மணப்பாடு பஸ்ஸில் ஏறியதிலிருந்தே பேய்க்காற்று. கடலுக்குப் போன வீட்டுக்காரருக்கு எத்தனை முறை அடித்தும் போன் போகவில்லை.

பையைத் துழாவிச் செபமாலையை எடுத்து முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஓர் அக்கா. கேட்காமலேயே ஒவ்வொரு செபத்துக்கும் மறுபாதியைச் சொல்ல ஆரம்பித்தார்.

மணிகளில் பாதிகூட உருளவில்லை, போன் வந்தது.

"ஏளா, கரைக்கு வந்துட்டேன்."

சட்டென்று செபமாலையைப் பைக்குள் போட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஒன் வீட்டுக்காரரு வந்துட்டாரு. எம்மவன் இன்னும் கடல்லதான் நிக்கான். மிச்சத்தையும் சொல்லுளா."

சொன்னேன். என் நிறுத்தம் தாண்டியும் சொன்னேன்.

அவர் மகன் கரை சேர்ந்தானா என்று கேட்க ஒரு நம்பர்கூட வாங்காமல் இறங்கிவிட்டேன்.

இனி இந்தச் செபத்தை எப்போது நிறுத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.